தேர் போகும்வரை இல்லாத கடை

1911 ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுண் மேல ரத வீதியில் மீரா முகைதீன் ஜவுளிக்கடை அரை நாழிகை நேரம் இல்லாமல் போனது. தீயுமில்லை, மழையுமில்லை. சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரை வழிக்குக் கொண்டுவரும் பூதலிங்கம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய பார்வையில் இடது பக்கம் ஒரு துண்டு குறைந்திருந்தது. அது அவருக்கே தெரியாது. வீட்டு வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, வீடு கட்டிய கொத்தனாரை வைதுகொண்டிருந்தார். மனைவி பிரம்மநாயகிதான் சந்தேகப்பட்டு, மாசி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அங்கே கண் பார்க்கும் தேவதாசன் ஒரு கறுப்புக் குடையை அவர் முகத்துக்கு நேரே விரித்து, நடுக்காம்பையே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கம்பியோரமாகவும் சாக்கட்டியை நகர்த்தினார். எட்டுக் கம்பியில் ஆறில் தெரிந்தது. இடது பக்கம் இரண்டில் தெரியவில்லை. தேவதாசனுக்கும் தெரியவில்லை, சாக்கட்டியோடு அவருடைய இரண்டு விரலும் காணாமல் போயிருந்தன. கையை வெளியே இழுத்து விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டில் 'இடது, இரண்டு கம்பி' என்று எழுதினார். கண்ணில் குற்றமில்லை, மூளையில்தான், மருந்து கிடையாது என்றார்.

"எங்க போனாலும் இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பாரும் வே."

விஷயம் வெளியே தெரிந்தால் நாலு தலைமுறையாகக் கட்டை போடும் உரிமை போய்விடும். அது போனால் பூதலிங்கம் சோறு தின்னமாட்டார். ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் மீரா முகைதீன் மாடி வராந்தாவை வீதிக்குள் நீட்டிக் கட்டியிருந்தார். தேர் பார்க்க, சித்தி ஜனாபா என்ற அவருடைய வயதான தாயார் அதில் உட்கார்ந்திருந்தார். பூதலிங்கத்துக்கு அங்கே ஒன்றும் தெரியாததால் கட்டையைத் தப்பாகப் போட்டார். தேர் கடையைப் பார்த்துச் சாய்ந்தது. கூட்டம் அலறியது. தேவதாசன் சொன்னது நினைவுக்கு வந்து பூதலிங்கம் இடது பக்கம் தலையைத் திருப்பப்போனார். கடை இருந்த இடத்தில் வெறும் வானம் நிற்பதைப் பார்த்துவிட்ட பிரம்மநாயகி, அவர் திரும்பினால் கடை வந்து தேர் அதில் மோதுமே என்று அவருக்கு இடது பக்கமாக ஓடிவந்தாள். அங்கே வந்ததும் அவளும் மறைந்தாள். குரல் மட்டும் கேட்டது.

"திரும்பாதீக. நேரா பாருங்க."

ஒரு கடைக்காகவும் ஒரு கிழவிக்காகவும், பெண்டாட்டி போன இடத்தைப் பாராமல் நிற்பது அவருக்குக் கொடுமையாக இருந்தது. நின்றார். தேர் கடை இருந்த இடத்தின் வழியாகவே பைய நகர்ந்து போனது. பிறகு திரும்பினார். கடை வந்தது, பிரம்மநாயகியும் வந்தாள். சித்தி ஜனாபா மாடியிலிருந்து, தேர் எப்போது வரும் என்று கேட்டார்.

மீரா முகைதீன் வராந்தாவை இடிக்கவில்லை. தாயார் கடைசிவரை தேரைப் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. ஒவ்வொரு ஆனியிலும் பூதலிங்கத்தின் இடது பக்கம் ஒரு குரல் மட்டும் நடந்து வரும். தேர் தாண்டியதும் ஊர் கடையைப் பார்க்கும். பூதலிங்கம் அவளைத்தான் தேடுவார்.

"எங்க போயிருந்தே?"

"இங்கனதான் இருந்தேன்" என்பாள் பிரம்மநாயகி.