பேத்தையின் வயிற்றில் இருந்தது

1.

இந்தக் கதை, ஏணி இரவல் கேட்கப் போன வீட்டில் நான் களவெடுத்தது. உரும்பிராயில் என் பக்கத்து வளவுக்காரர் சுபாஸ்கரன். சீமெந்துத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்ப்பவர். அன்று காலை கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டபடி நின்றார். பக்கத்தில் மனைவி தனுசியா. என்ன விஷயமாக வந்தேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

முதல் வரி இப்படி வந்தது: 'கடலன்னையின் மடியில் பிறந்த அந்தச் சின்னஞ்சிறு...'

(வேண்டாம். அவர் கையிலிருந்த மீன் பிடிபட்டது தொண்டைமானாற்று நீரேரியில். மடி கிடி எதுவுமில்லை, சேறுதான்.)

2.

பேத்தை மீன், பயந்தால் தண்ணீரை விழுங்கிப் பந்தாகிவிடும். வலையில் பட்டால் நஞ்சென்று எறிந்துவிடுவார்கள். அதில் பச்சைப் புள்ளி இனத்தைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைப்பது சுபாஸ்கரனின் இரண்டு வருட விசர், பைத்தியம். அவருடைய தொட்டியில் அது தானாக முட்டையிடவில்லை. வயிற்றில் முட்டை நிரம்பியதும், அதை இடவைக்க மருந்தூசி போடவேண்டும். மூன்று பெண் மீன்களில் இரண்டு செத்துப்போய்விட்டன. இது கடைசி.

(இந்த இடத்தில் அவர்களைப் பிள்ளையில்லாத தம்பதியாக்கினேன். நீங்கள் உருகுவீர்கள் என்று ஒரு நப்பாசை. தனுசியா வாசித்துவிட்டு, "என்ரை மூண்டையும் எங்கை அண்ணை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்றார். வெட்டிவிட்டேன். மூன்றும் பள்ளிக்கூடம் போயிருந்தன.)

3.

பேத்தையின் வயிற்றைத் தண்ணீருக்குள் வைத்தே பார்க்கவேண்டும். சுபாஸ்கரனுக்கு இது தெரியாததல்ல. அன்று அவசரத்தில் வலையோடு வெளியே தூக்கிவிட்டார். வயிறு உருண்டு மின்னியது. இந்த மீனோடு எட்டு மாதம் காத்திருந்த கண்ணுக்கு எந்த வயிறும் முட்டை வயிறுதான். ஊசியைப் போட்டுவிட்டார்.

"தனு, ஓடி வா! நிறைமாசம்!"

தனுசியா வந்தபோது, தொட்டியில் விட்ட மீன் கீழே போகாமல் வயிறு மேலே தெரிய மிதந்தது.

"உது முட்டையில்லை. பயத்திலை காத்தை விழுங்கியிருக்கு."

"ஊசி போட்டிட்டனே..."

"அதிட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டுப் போட்டிருக்கலாம்."

விழுங்கியது தண்ணீரென்றால் தானே துப்பிவிடும். காற்றைச் சிலவேளை துப்ப முடியாது. மிதந்தபடியே செத்துப்போகும்.

அப்போது சுபாஸ்கரனின் மனதில் ஆயிரம்... (ஆயிரம் இல்லை. ஒன்றே ஒன்று: அந்தக் காற்றை வெளியே எடுக்கவேண்டும்.)

4.

ஆகவே நான் கண்டது இதுதான்: நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவர், மீனை நீருக்குள் ஏந்தி, வாயை மேலே நிமிர்த்தி, மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டு நிற்கிறார். பால் குடித்த பிள்ளைக்கு ஏவறை எடுப்பதுபோல. (ஏவறை என்றால் ஏப்பம். உவமை என்னுடையதல்ல, தனுசியாவுடையது.)

"மூத்தவனுக்கு ஒருநாள் இப்பிடிச் செய்தனீங்களோ?"

"அவன் ஊதேல்லையே."

"நான் ஊதிக்கொண்டு திரிஞ்சனான். என்னைத் தூக்கினனீங்களோ?"

சுபாஸ்கரன் சிரிக்கவில்லை. "பயப்பிடாதை அம்மா," என்றார், மீனிடம். "பிழை என்ரை. எனக்கு முட்டையும் வேண்டாம் குஞ்சும் வேண்டாம். நீ இருந்தாக் காணும், அது போதும்."

இரண்டு வருட விசர் அந்த ஒரு வரியில் முடிந்தது. நானாக எழுதியிருந்தால் ஒரு பக்கம் வீணாகியிருக்கும்.

தனுசியா அதன்பிறகு பகிடி விடவில்லை. "உங்கடை கை விறைச்சுப்போச்சு. தாங்கோ," என்று வளையல்களைக் கழற்றினார்.

5.

முடிவு ஒன்று: மீனின் வாயிலிருந்து சின்னக் குமிழியொன்று புறப்பட்டு... (அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: மத்தியானம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, தொட்டியில்...

(முடியவில்லை. மூன்று தரம் தேநீர் ஊற்றப் போனேன்.)

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் கையை எடுத்துவிடுவீர்கள்.

இப்போது தனுசியாவும் களைத்துவிட்டார். இனி உங்கள் முறை. சட்டைக் கையை மடியுங்கள். தண்ணீர் கொஞ்சம் குளிர்தான். மீனின் வாய் மேலே இருக்கட்டும். மெதுவாக ஆட்டுங்கள், அழுத்தவேண்டாம். அது இன்னும் பயந்துதான் இருக்கிறது.