மாமா படுத்திருந்த கட்டில்

அந்த மருத்துவமனையில் பதிவுப் பிரிவின் தலைவிக்கு சி.ஐ.டி. மேடம் என்று பட்டப்பெயர். வைத்தது யாரென்று அவளுக்குத் தெரியும். அதையும் துருவித் துருவிக் கண்டுபிடித்திருந்தாள். பூட்டிய அலமாரி, ஒத்துப்போகாத கணக்கு, தன்னைக் கண்டதும் நின்றுபோகிற பேச்சு, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், மூக்கில் வியர்த்துவிடும்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சமாச்சாரம் மொத்தத்தையும் கிளவுடுக்கு மாற்றும் வேலை அவள் தலையில்தான் வந்து விழுந்தது. மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களும் வாளிகளும் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், பழைய சர்வர் ஒன்று இரைந்துகொண்டு கிடந்தது. யார் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார், யாருக்கு என்ன பில், எந்த நர்ஸுக்கு என்றைக்கு விடுப்பு, எல்லாம் அதன் வயிற்றுக்குள். வெயில் ஏறினால் அதற்கு மூச்சு முட்டும். ஒரு மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்துப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இனி இதெல்லாம் எங்கோ இருக்கிற பெரிய இயந்திரங்களுக்குப் போய்விடும், இணையம் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். "மழை பெஞ்சா நம்ம பில்லெல்லாம் கரைஞ்சிடாதே மேடம்?" என்று மருந்துப் பிரிவுக்காரர் தினமும் கேட்டார். இரண்டாம் நாளோடு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மாற்றுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கம்ப்யூட்டர் உள்நோயாளி என்று சொல்கிற ஒவ்வொருவரும் உண்மையிலேயே கட்டிலில் இருக்கிறாரா என்று தலை எண்ணிப் பார்த்து, சனிக்கிழமைக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மாற்றம் நின்றுவிடும். பொய்யாகப் போட்டால், பின்னால் வருகிற வில்லங்கம் எல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

எண்ணிப் பார்த்தார்கள். ஒரு ஆள் அதிகம்.

"டிலீட் பண்ணிடவா மேடம்?" என்றான், கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். கழுத்திலிருந்து ஹெட்போனை இறக்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவனுக்கு ஹெட்போன் தம்பி என்றே பெயராகிவிட்டது.

"ஒரு மனுஷனைத் தூக்கிப் போடறேன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றே! இரு, யாருன்னு பார்ப்போம்."

பார்க்கப் பார்க்க மண்டை குடைந்தது. அவசரப் பிரிவில் ஜன்னலோரக் கட்டில். வருஷக்கணக்காக அட்மிஷன். ஒரு மாத்திரை கொடுத்ததாகப் பதிவில்லை, ஒரு வேளை சாப்பாடு இல்லை, பில்லும் இல்லை. நடுநடுவே சில மணி நேரம் வேறு வார்டுக்குப் போகிறார். பிறகு சமர்த்தாகத் திரும்பி வந்து அதே ஜன்னலோரம் படுத்துக்கொள்கிறார். இதில் உச்சம், ஒரு முறை அவரைப் பிரசவ வார்டுக்கே மாற்றியிருந்தார்கள்.

"அம்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்குப் பிரசவ வார்டுல என்ன வேலை?" என்றாள்.

"இன்ட்ரஸ்டிங்," என்றான் ஹெட்போன் தம்பி. அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே பெரிய விஷயம்.

அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான். கணவனின் தங்கை. ஒரே வீட்டில் கீழே இவள் குடும்பம், மேலே அவள் குடும்பம். ஒரே பேருந்தில் வேலைக்கு வருகிறவர்கள். வீட்டில் கலகலவென்று பேசுகிறவள், வார்டுக்குள் நுழைந்துவிட்டால் அளந்துதான் பேசுவாள். கட்டிலைக் காட்டி, "இவர் எங்கே?" என்று இவள் கேட்டதற்கு, "டெஸ்ட்டுக்குப் போயிருக்காரு அண்ணி," என்றாள், முகம் கொடுக்காமல்.

மறுநாள் கேட்டபோது, "பாத்ரூம் போயிருக்காரு."

"நேத்து போனவரா, இன்னிக்குப் போனவரா?"

நாத்தனார் ஊசி மருந்துகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். ஏற்கெனவே எண்ணி முடித்த ஊசி மருந்துகள் அவை.

சி.ஐ.டி. மேடம் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விரிப்பில் ஒரு கசங்கல் இல்லை. கீழே செருப்பு இல்லை. பக்கத்து மேசையில் தண்ணீர் பாட்டில், சீப்பு, கைப்பேசி சார்ஜர் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்க ஒரு சொந்தக்காரர்கூடவா வரவில்லை? ஆள் வரட்டும் பார்ப்போம் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

உட்கார்ந்து கால் மரத்துப்போகும் நேரத்தில் வாசலில் அல்லோலகல்லோலம். ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் வெள்ளை பெயின்ட், அதன்மேல் ரத்தம். தள்ளுவண்டியைத் தள்ளி வந்த வார்டு ஊழியர், இவள் இருப்பதையே மறந்து, "மாமாவை எழுப்புங்க! மாமாவை எழுப்புங்க!" என்று கத்தினார்.

நாத்தனார் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். நாலு தட்டு. திரையில் அந்த உள்நோயாளி எழுந்து எலும்பு வார்டுக்கு நடையைக் கட்டினார். அவர் நகர்ந்த நொடியில் பெயின்டரின் பெயர் அந்த இடத்தில் ஏறியது. விரிப்புக் கசங்காத கட்டிலில் பெயின்டர் படுத்திருந்தார். டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

சி.ஐ.டி. மேடம் முக்காலியை விட்டு எழுந்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் உறைத்தது. இல்லாத ஆளை இருப்பதாகப் பதிவு செய்வது வேலை போகிற குற்றம். இதைச் செய்தவள் தன் வீட்டு மாடியில் இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மாடி ஏறிப் போனாள். நாத்தனார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவளும் எதிரில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. யாரு அந்த மாமா?"

"அதான் பார்த்துட்டீங்களே அண்ணி." பெருமூச்சு விட்டாள். "காலியா ஒரு கட்டில் இருந்தா அந்தக் கம்ப்யூட்டர் சும்மா விடாது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க பேரை உடனே அதுல ஏத்திடும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களும் நோயாளிங்கதான். ஆனா அடிபட்டு வர்றவங்க? நடைபாதையில தள்ளுவண்டியிலயே கிடப்பாங்க. ஒரு அம்மா அப்படியே கிடந்து போய்ச் சேர்ந்துட்டாங்க. அன்னிக்குத்தான் மாமாவை அட்மிட் பண்ணோம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

நாத்தனார் ஒரு சேலையை உதறினாள். "எல்லாருக்கும். பெரிய டாக்டருக்கே தெரியும். அவரே எத்தனையோ தடவை மாமாவை எழுப்பச் சொல்லியிருக்காரு."

"எல்லாருக்கும்னா?"

"உங்களைத் தவிர, அண்ணி."

சுருக்கென்றது. ஊரில் உள்ள ரகசியத்தையெல்லாம் மோப்பம் பிடிக்கிறவளிடம், கூடவே பேருந்தில் வருகிறவள் இத்தனை வருஷம் காதும் காதும் வைத்ததுபோல் மறைத்திருக்கிறாள். கோபத்தைவிட அழுகைதான் முன்னால் வந்தது.

"என்னை ஏம்மா நம்பலை?"

"நம்பாம இல்லை. சொன்னா நீங்க பொய்க் கையெழுத்துப் போடணும், இல்லேன்னா என்னைக் காட்டிக் கொடுக்கணும். ரெண்டுல எதையும் உங்க தலையில கட்ட மனசு வரலை. இப்போ சனிக்கிழமை வந்து நிக்குது. என்ன பண்ணப் போறீங்க?"

சி.ஐ.டி. மேடம் மடித்த உறையைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

மறுநாள் ஹெட்போன் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டான்.

"மாமா புதுசுல ஒரு நாள் தாங்க மாட்டாரு மேடம். நோயாளி கையில கட்டற பட்டையை தினமும் ஸ்கேன் பண்ணாம விட்டா எல்லார் போனும் அலறும். தலைமை அலுவலகம் வரைக்கும் போகும்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா கட்டிலைக் காலியாவே நிறுத்தி வைக்க இதுல வசதி இருக்கே. ஒதுக்கீடுன்னு ஒரு டிக். நீங்க யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"அவ்வளவுதானா!"

"அவ்வளவுதான். யார் பொறுப்புன்னு ஒரு பேர் மட்டும் போடணும். அந்தப் பேர் மஞ்சள் கலர்ல எல்லாருக்கும் தெரியும். மேல இருக்கிறவங்களுக்கும்."

அங்கேதான் சிக்கியது. பெரிய டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டு மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார். "என் பேரா? படுக்கை காலியா கிடந்தா நிர்வாகம் என்னைத்தானேம்மா பிடிச்சு உலுக்கும்? மாமா இருந்த வரைக்கும் யாரும் யாரையும் கேக்கலை." நல்ல மனுஷர்தான். ஆனால் பேனா உருண்டுகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மதியம் பதிவறையில் மூன்று பேர் இருந்தார்கள்: அவள், நாத்தனார், ஹெட்போன் தம்பி. முதலில் மாமாவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் என்று அமுக்கினால், நோயாளியின் நிலை என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. குணமடைந்தார், வேறிடம் மாற்றப்பட்டார், இறந்தார். மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் விடாது.

"ஐயோ, இறந்தார்னு போட்டுடாதீங்க அண்ணி," என்று நாத்தனார் பதறினாள். ஹெட்போன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. குணமடைந்தார் என்று போட்டாள். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒதுக்கீடு என்று டிக் அடித்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரையும் கைப்பேசி எண்ணையும் அடித்தாள். யாரையும் கேட்கவில்லை. தலை எண்ணிக்கை சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை எல்லாம் கிளவுடில் வேலை செய்யத் தொடங்கியது. திரை நிறைய பச்சையும் சிவப்புமாகக் கட்டில்கள். ஒன்று மட்டும் மஞ்சள், அதற்குக் கீழே அவள் பெயர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று. தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று உறைத்ததும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனாள்.

"யாருக்காவது அடிபடாதான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள் நாத்தனாரிடம்.  "நான் என்ன மனுஷி?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆரம்பத்துல எங்களுக்கும் அப்படித்தான் அண்ணி இருந்துச்சு. மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் நின்னுச்சு. ஒரு ஆள் படுத்திருக்காருன்னு நினைச்சுக்கிட்டா, அந்தக் கட்டிலைப் பார்த்து அப்படித் தோணாது."

சி.ஐ.டி. மேடம் விரிப்பின் ஓரத்தை நீவி விட்டுவிட்டு அறைக்குத் திரும்பினாள்.

வேலை முடிகிற நேரத்தில் போன் அடித்தது. தலைமை அலுவலகம். குரலில் கோபம் இல்லை, கணக்குக் கேட்கிற தோரணைதான்.

"உங்க பேர்ல ஒரு படுக்கை காலையில இருந்து சும்மா கிடக்குதேம்மா. யாருமே வரலையா?"

எதிரே திரையில் அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கியது.

"இல்ல சார். இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு?"

"நாளைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது சார். ஆனா கட்டில் இருக்கும்."