பாவாயி பென்சிலால் எழுதியது

பரமத்தி வேலூர் வாசகசாலையில் புத்தகத்தில் கிறுக்கினால் அங்கத்தினர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர் காரியதரிசி மயில்சாமி. எழுதிய நாளிலிருந்து யாராவது கிறுக்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருந்தார். மேட்டூர் அணை கட்டி நாலாம் வருஷம் ஆள் அகப்பட்டது.

அகப்பட்டவன் அப்புசாமி. வெற்றிலைக் கொடிக்காலே கதியென்று கிடந்த அவனுக்குக் கையெழுத்துக்கு மேல் ஓரெழுத்தும் வராது. அவன் பெயரில் புத்தகம் எடுத்துப் படித்தவள் மனைவி பாவாயி. வீட்டுக் காய்கறித் தோட்டம் பற்றிய அந்தப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் நிரப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்ட மயில்சாமி, அப்புசாமியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"வாங்கறப்பவே அப்பிடித்தான் இருந்துச்சுன்னு சொல்லீரலாம் புள்ள," என்றான் அப்புசாமி.

"நான் எழுதுனத எவனோ எழுதுனான்னு சொல்றதா? நானே வாரேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பெயரை அடித்துவிட்டால் படிக்கப் புத்தகத்துக்கு எங்கே போவாள்?

வாசகசாலையில் நாலைந்து பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"ஏம்மா, இது பொஸ்தகமா, ஊட்டுச் செவுரா?"

"எழுதுனது நாந்தானுங்க."

மயில்சாமி கொஞ்சம் இறங்கி வந்தார். மேஜை மேல் ஒரு ரப்பரை வைத்தார். "எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துரு. பேர அடிக்காம உட்டர்றேன்."

பாவாயி ரப்பரை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். பாகல் விதைக்கிற பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இத அழிக்க மாட்டேனுங்க. குழி தோண்டி வெதைன்னு போட்டிருக்குது. மணல் பூமிக்கு அது சரி. நம்ம வாய்க்காக் கரையில குழியில தண்ணி நிக்குமுங்க. அத நம்பி நான் போட்ட வெதை பூராவும் அழுகிப்போச்சு. அப்பறம் கொடிக்கால்ல பண்ற மாதிரி மேடு கட்டி, அது மேல வெதச்சு, பக்கத்துல தண்ணி உட்டேன். இத அழிச்சா அடுத்து எடுக்கறவங்க வெதையும் அழுகிப்போகும். பேர அடிச்சுக்கங்க."

சொல்லிவிட்டு ரப்பரை மேஜை மேலேயே திரும்ப வைத்து, நிமிர்ந்து நின்றாள்.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கடைவீதித் தையல்காரர் சின்னண்ணன் எழுந்தார். இரண்டு வருஷம் முன்புவரை மண்வெட்டியே பிடிக்காத மனிதர்.

"அடிக்காதீங்க காரியதரிசி. போன வருசம் அச்சுல இருக்கறபடி போட்டு எனக்கும் அழுகிப்போச்சு. இந்த வருசம் பென்சில்ல இருக்கறபடி போட்டேன். வேலி பூரா பாவக்காய். யார் எழுதுனதுன்னுதான் இத்தன நாளாத் தேடிட்டிருந்தனுங்க."

அங்கிருந்த அத்தனை பேரும் பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற அப்புசாமிக்கு மார்பு விம்மியது. "எம் பொண்டாட்டிதானுங்க!" என்றான், கேட்காதவர்களிடமும்.

மயில்சாமி ரப்பரை எடுத்து மேஜைக்குள் போட்டார். சட்டம் போட்டவருக்கே சட்டம் சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து மூன்று தோட்டப் புத்தகங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பென்சிலையும் நீட்டினார்.

"எது நல்ல பொஸ்தகம்னு ஊருல பலபேரு கேக்கறாங்கம்மா. இதுல எது நம்ம மண்ணுக்கு ஆகும், எங்க தப்புன்னு இப்பவே எழுதிக் குடு."

பாவாயி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். பென்சிலை வாங்கவில்லை.

"நட்டுப் பாக்காம எழுத மாட்டேனுங்க," என்றாள். "வெளைச்சலப் பாத்துட்டு, மாசி கழிச்சு வாரேன்."