பம்பையை விழுங்கிய சாஃப்ட்வேர்

“அதத் தொடாத, தொட்டா சவுண்டே பூடும்…”

“பூடட்டும்! பம்பையவே முழுங்கிடிச்சி, இன்னும் இன்னாத்த…”

“ஃபேன் சத்தம் வராம இருக்கத்தான்டி போட்டன்!”

“ஃபேனும் பம்பையும் ஒண்ணா அதுக்கு?”

மடுகரையில் மைக்செட் கடை வைத்திருக்கும் மணிவண்ணனும் அவன் மனைவி விஜயராணியும் கம்ப்யூட்டர் முன்னால் மவுசுக்கு மல்லுக்கட்டினார்கள். தீமிதித் திருவிழா அறிவிப்பு பத்து மணிக்குள் ஆட்டோவில் கிளம்பியாக வேண்டும். எப்போதும் பேசுகிறவன் மணிவண்ணன்தான். அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இன்று முதல்தடவையாக விஜயராணி பேசினாள். பக்கத்தில் நின்று பம்பைக்காரர் சுப்புராயன் தன் மேளத்தை அடித்தார். போட்டுக் கேட்டால் பம்பையைக் காணோம். இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேர் துடைத்துவிட்டிருந்தது. அவள் குரலும் அறுந்து அறுந்து வந்தது.

“நாப்பது வருசமா அடிக்கிறன். என்னைய இரைச்சல்னு சொன்ன மொத ஆளு இதுதான்,” என்றார் சுப்புராயன்.

“வுடு ராணி. போன வருசம் நான் பேசினது கெடக்குது, அதையே குடுத்துடலாம்.”

“போன வருசத் தேதியோடவா? தள்ளுய்யா!”

மவுசைப் பிடுங்கி, அந்த சாஃப்ட்வேருக்கு நேராக இருந்த ‘நீக்கு’ என்பதை அழுத்தினாள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் நீக்க முடியாது என்றது.

“எங்க ஓடுது?”

“கீழ, மூலையில. பச்சையா.”

அதை மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்து எழுவதற்குள் வெளியே ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்தது. எழுந்த பிறகு மைக்கே வேலை செய்யவில்லை.

“சொன்னனா இல்லியா!”

“கத்தாத, இருக்குற தொண்டையும் பூடும்.”

சவுண்ட் செட்டிங்கைத் திறந்தாள். மைக் இருக்க வேண்டிய இடத்தில் நீக்கிய சாஃப்ட்வேரின் பெயரே உட்கார்ந்திருந்தது. அதை மாற்றி, மேசைமேல் இருந்த மைக்கின் பெயரைத் தேர்ந்தாள்.

“அலோ!”

திரையில் கோடு துள்ளியது.

“ஏறுது! ஏறுதுய்யா!”

“ஃபேன் சத்தம்?”

“சுவிட்ச் எதுக்குக் கீது? அமுக்கு! அண்ணே, அடிங்க!”

பம்பை உறுமியது. “மடுகரை வாழ் பொதுமக்களே!” என்று தொடங்கி ஒரே மூச்சில் முடித்தாள். போட்டுக் கேட்டார்கள். உறுமலுக்கு மேலே அவள் குரல் கணீரென்று ஏறி நின்றது. சுப்புராயன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

பென்டிரைவோடு ஆட்டோ கிளம்பியது. தெருமுனையில் ஒலிபெருக்கி முழங்கியதும் விஜயராணி வாசலுக்கு ஓடினாள். தண்ணி பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் உள்ளே திரும்பினாள்.

“யோவ், அடுத்த வாரம் காட்டேரிக்குப்பம் திருவிழாவுக்கு யாரு பேசுறது?”