நல்ல குடும்பத்தார் எவருமில்லை

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: ஒழுக்கம் காப்பாற்றப்பட்டுவிட்டது. காப்பாற்றியவர் நாளிதழ் ஆசிரியர். காப்பாற்றிய இடம், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் உரிமை கேட்டு முந்தைய நாள் கடைத்தெருவில் ஊர்வலம் போயிருந்தார்கள். ஊரில் இதுதான் முதல் தடவை. ஆசிரியர் அந்தச் செய்தியைச் சைக்கிள் திருட்டுக்கும் வெறிநாய்க்கடிக்கும் நடுவில் போட்டு, கடைசி வரியைத் தம் கையாலேயே சேர்த்திருந்தார். இப்போது உரக்கப் படித்தார்: "நல்ல குடும்பத்தைச் சேர்ந்த எவரும் இதில் கலந்துகொள்ளவில்லை."

எதிரே இருந்த மைத்துனன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். ஆசிரியர் மனைவியின் தம்பி அவன்; அதே பத்திரிகையில் உதவி ஆசிரியர். நேற்று அவன் லீவு போட்டது பல்வலிக்காக என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

"அது எப்படித் தெரியும் மாமா?"

"முகத்தப் பாத்தா தெரியாதா மாப்ள? நம்ம நிருபர் மொட்டை மாடியிலேருந்து பாத்திருக்கான்."

"அப்போ உச்சந்தலையத்தான் பாத்திருப்பான்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நான் போயிருந்தேன் மாமா. ரெண்டாவது வரிசை."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஆசிரியர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் சந்தாதாரர்.

"நீ போகல."

"போனேன்."

"பத்திரிகையிலேயே வந்தாச்சு, போகலன்னு. இனி வாயத் தொறந்தா இந்த வீடும் இல்ல, வேலையும் இல்ல."

"என் தம்பி நல்ல குடும்பம் இல்லன்னா நான் யாருங்க?" என்றாள் அக்கா.

"நீ உள்ள போ."

அந்தப் பத்திரிகைக்கு ஒரு பெருமை உண்டு. பொன்னாடை போர்த்தியவரின் தலைப்பெழுத்து மாறிவிட்டால்கூட, மறுநாள் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போட்டுவிடும். கட்டத்தை எழுதுவது மைத்துனன். ஆசிரியர் அதைப் பார்ப்பதே இல்லை. தம் பத்திரிகையின் தவறுகளைப் படிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

மறுநாள் கட்டத்தில் வந்தது: "ஊர்வலத்தில் நல்ல குடும்பத்தைச் சேர்ந்த எவரும் கலந்துகொள்ளவில்லை என்று வெளியான செய்தி தவறு. இப்பத்திரிகை ஆசிரியரின் மைத்துனர் கலந்துகொண்டார். பிழைக்கு வருந்துகிறோம்."

பக்கத்து வீட்டுச் சந்தாதாரர் படித்துச் சொல்லிவிட்டார்; பத்து மணிக்குள் மைத்துனனின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா பின்னாலேயே வந்தாள்.

"எங்கடா தங்குவ?"

"ஊர்வலத்துல என் பக்கத்துல நடந்து வந்தவர் வீட்ல."

"அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"மாமாவுக்குப் பத்திரிகை நடத்தத் தெரியுறத விட நல்லாவே தெரியும்."

அடுத்த நாள் அதே கட்டத்தில் இன்னொரு திருத்தம் வந்தது: ஆசிரியருக்கு மைத்துனர் எவரும் இல்லை.