சந்தின் அகலம்

இரண்டு வருஷமாக, ஆபீஸ் முடிந்து மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பிய மாலைகளில், ஸ்ரீலேகா கம்ப்யூட்டரில் ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடல், ரயில் பாலங்கள், கழிமுகம், நடுவில் தாராவியைப் போல ஒரு இடம். கேம் ஆடுகிறவர் அந்த நகரத்துக்குள் ஒரு பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நகரம் அவளுடையது, அதை இயங்க வைப்பது அவளோடு காலேஜில் படித்த தப்ரேஸ். சனிக்கிழமை நடக்கும் கண்காட்சியில் அவர்களுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. அங்கும் யாரும் நின்று ஆடாவிட்டால் இதோடு விட்டுவிடுவதென்று பேசி வைத்திருந்தார்கள்.

தாராவியில், தப்ரேஸின் வீட்டில், அவன் தங்கை தமன்னா முதலில் ஆடிப் பார்த்தாள். ஓடினாள். இன்னும் கொஞ்சம் ஓடினாள். பிறகு போனைக் கையில் எடுத்தாள்.

"என்னட்டி, அதுக்குள்ளயா?" என்றான் தப்ரேஸ்.

"ஓடிக்கிட்டே இருக்கேன் காக்கா. கதவெல்லாம் சும்மா பெயின்ட்டு. தாணேக்கு ரயில்ல நின்னுக்கிட்டே போற மாதிரி இருக்கு."

"கழிமுகத்துக்கு நீ போகவே இல்லையேடி," என்றாள் ஸ்ரீலேகா. "அங்க ஃபிளமிங்கோ எல்லாம் வெச்சிருக்கேன்."

"அதுவரைக்கும் எவ ஓடுவா அக்கா?"

ஸ்ரீலேகாவை சயான் ஸ்டேஷன்வரை கொண்டுவிட தப்ரேஸ் கூட வந்தான். சந்துக்குள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். எதிரே, "பாஜூ! பாஜூ!" என்று ஒதுங்கச் சொல்லும் குரல். தலையில் தோல் கட்டோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். சுமையோடு வருகிறவருக்குத்தான் வழி. மற்றவர்கள் பக்கத்திலிருக்கும் வாசலுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தப்ரேஸ் ஒரு வாசலுக்குள் போய்விட்டான். ஸ்ரீலேகா இன்னொன்றுக்குள் பின்னால் நகர்ந்தாள்.

உள்ளே நான்கு பேர் இழுத்துக் கட்டிய துணியைச் சுற்றி உட்கார்ந்து மணி தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிற்பதற்காக ஒருவர் தலை நிமிராமலே காலை மடக்கிக்கொண்டார். மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் ஒரு ஸ்கூல் டை தொங்கியது. மேலேயிருந்து யாரோ யாரையோ திட்டுவதும், உடனே சிரிப்பதும் கேட்டது.

கட்டு கடந்து போயிற்று. அவள் வெளியே வரவில்லை.

"லேகா, ஆளு போயாச்சு. வா."

"நம்ம கேம்ல சந்து எவ்ளோ அகலம்?"

"நீதான அகலமாக்குனே, கேமரா செவத்துல முட்டுதுன்னு? ரெண்டு ஆட்டோ போவும். எங்க வாப்பா பார்த்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"அதாண்டா தப்பு. யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டாம். அப்புறம் எதுக்கு வாசலுக்குள்ள போவாங்க?"

தப்ரேஸ் சந்தை முன்னும் பின்னும் பார்த்தான். "குறுக்கிரலாம். கேமராவ ஆடுறவன் கண்ணுலயே வெச்சா முட்டாது. ஆனா கதவுக்குள்ள வீடு வேணும்லா? சனிக்கிழமைக்குள்ள ஊரு பூரா ஆவாது. இந்த ஒரு சந்துதான். மத்தத அடைச்சிரணும்."

"கழிமுகமும்?"

"கழிமுகமுந்தான்."

ஸ்ரீலேகா ரயிலில் ஒன்றும் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் தன் நகரத்தைக் கடைசியாக ஒருமுறை கடலிலிருந்து பாலம்வரை சுற்றி வந்தாள். எங்கும் ஒரு மனிதர்கூடக் குறுக்கே வரவில்லை. அந்த ஒரு சந்தைத் தவிர எல்லா வழிகளையும் அடைத்தாள். ஆனால் எதையும் அழிக்கவில்லை. ஒரு வீட்டின் ஏணி ஏறி மாடிக்குப் போனால், தூரத்தில் பாலமும் நீரும் தெரியும்படி விட்டுவைத்தாள்.

சனிக்கிழமை மேசைக்கு வந்த முதல் பெண், கேமில் எதிரே வந்த சுமைக்காரருக்கு வழிவிடாமல் நேராக நடந்தாள். கட்டு அவளைச் சந்தின் தொடக்கத்துக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டாம் முறை வாசலுக்குள் ஒதுங்கினாள். சுமை கடந்துபோய் வெகுநேரமாகியும் உள்ளேயே நின்றாள். ஏணியைப் பார்த்தாள், ஏறினாள்.

"சீக்கிரம்," என்று பின்னால் நின்றவன் ஹிந்தியில் முணுமுணுத்தான்.

"சும்மா இரு." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கே தண்ணி தெரியுதே, ஏதோ பறவைகூட. அதுவரைக்கும் போகலாமா?"

தப்ரேஸ் ஸ்ரீலேகாவைப் பார்த்தான்.

"இப்ப போக முடியாது. நாங்க இன்னும் அவ்ளோ தூரம் வரல," என்றாள் ஸ்ரீலேகா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுச் சந்தில் இறங்கினாள். "பாஜூ!" என்று குரல் வந்ததும், யாரும் சொல்லாமலே அடுத்த வாசலுக்குள் ஒதுங்கினாள்.