துணைக்கு வந்தவர்கள்

"இந்தப் பேப்பரை யாரு இங்க ஒட்டினது?"

அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் கூடத்துக்கு வந்தபோது மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் செய்தித்தாளுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் ஆழமாக நுழைத்துக்கொண்டான்.

"நான்தான் அத்தை."

"மத்தியானம் என் பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வராங்க. தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் வந்தா இதுதான் கண்ணுல படும். தூக்கமின்மை. சரி, எல்லாருக்கும் வர்றதுதான். அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு பாரு. படிக்கவே வாய் கூசுது."

கீழே எழுதியிருந்தது மனச்சோர்வு. எந்த டாக்டருக்கும் இல்லாத வழக்கமாக இந்த டாக்டரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்து தொலைத்தது.

ஆறு வாரமாக அந்தக் காகிதம் மருமகளின் கைப்பையில் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது. அதன் கடைசியில் 'வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை' என்று ஒரு பகுதி. இரவு எட்டு மணிக்கு மேல் அவளுக்கு அடுக்களை வேலை கூடாது, பாத்திரத்தைக் கணவர் கழுவ வேண்டும். காலையில் எழுந்ததும் எழாததுமாக, தூங்கினியா தூங்கினியா என்று யாரும் துளைக்கக் கூடாது. முந்தின நாள் தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்க, "நான் கழுவணும்னு எங்க எழுதியிருக்கு?" என்று கணவன் கேட்டிருந்தான். எங்கே எழுதியிருக்கிறது என்று இன்று காலை காட்டிவிட்டாள்.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். பிரேமில் லென்ஸ் பொருத்துவாள். காது வலிக்கிறது, மூக்கில் நிற்கவில்லை என்று வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே கம்பியை வளைத்துச் சரிசெய்து அனுப்புவாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குத் தூக்கம் போயிற்று. செய்தி தெரிந்ததும் தெருவே திரண்டு வந்தது. ஒருத்தி சுடு பால் குடிக்கச் சொன்னாள், இன்னொருத்தி வெந்நீரில் காலை வைக்கச் சொன்னாள். நூறிலிருந்து தலைகீழாக எண்ணும்படி சொன்னார் தையல்காரர். அவள் எண்ணி முடித்துவிட்டுப் பதினேழாம் வாய்ப்பாடு வரைக்கும் போய்ப் பார்த்தாள். பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, யாரோ பின்மண்டையில் அடித்துக் கிடத்தியது போல வந்தது. விடிந்தால் பல் தேய்க்கக்கூட மனசு வரவில்லை. சோறு மண்ணாக இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்றால் பால் கொண்டு வருகிறவர்கள், வாழவே பிடிக்கவில்லை என்றால் என்ன கொண்டு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டாள். அதை வாங்கிப்போன ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இல்லாத படிக்கட்டுகளில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி கடைக்குத் திரும்பி வந்தார். கடை முதலாளியம்மா திட்டவில்லை. "கண்ணாடியை மாத்திக் குடுத்துடலாம். நீ சிரிச்சு எத்தனை மாசம் ஆச்சு, தெரியுமா?" என்று கேட்டு, அன்றைக்கே கடையைப் பாதி அடைத்துவிட்டு ஒரு பெண் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"தூக்கம் எப்ப போச்சு?" என்று கேட்டார் டாக்டர். சொன்னாள். "சிரிப்பு?" என்று கேட்டார். மருமகள் அழுதாள்.

"எது முன்னால வந்துச்சு, எது பின்னால வந்துச்சுன்னு நாம பஞ்சாயத்து பண்ண வேண்டாம். ரெண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பண்ணுவோம். ஒண்ணை மட்டும் பாத்தா, விட்டுப் போனது திரும்பி வந்து மத்ததையும் கெடுக்கும்."

தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மனசுக்கு ஒரு மாத்திரை எழுதி, வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதே என்றார். தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், காலை வெயிலில் நடக்க வேண்டும், பகலில் படுக்கக் கூடாது, படுத்தும் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வந்து உட்கார வேண்டும். வாரம் ஒருமுறை வந்து மனசு விட்டுப் பேச வேண்டும். நாலாவது வாரம் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினாள். ஐந்தாவது வாரம் கணவன் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்தாள். அவன் பூரித்துப்போய் அதே ஜோக்கை நாலு நாள் சொன்னான்.

இப்போது அந்தக் கணவன்தான் செய்தித்தாளை இறக்காமலே சமரசத்துக்கு வந்தான். "கத்தரிக்கோலால அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிடலாமே?"

"வரியை வெட்டிடலாம். வியாதியை எதால வெட்டுவீங்க?" என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "அந்தக் கீழ் வரிக்கும் சேர்த்து வைத்தியம் பாத்ததாலதான் நான் இப்ப தூங்கறேன். அது அங்கேயே இருக்கட்டும்."

"ரொம்பத்தான் பேசற!" மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கும்தான் பதினாலு வருஷமா தூக்கம் கிடையாது. ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டினா அவ்வளவுதான். கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடப்பேன். காரணமே இல்லாம அழுகை வரும். முகத்தைக் கழுவிட்டு வாசலைக் கூட்டப் போயிடுவேன். நான் என்ன பேப்பரா ஒட்டினேன்?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

தெருவில் மாமியாருக்கு 'அலாரம்' என்று பெயர். ஊர் எழுவதற்குள் வாசல் கூட்டி, துணி துவைத்து, பாதிச் சமையலை முடித்திருப்பாள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களுக்கெல்லாம் அவளைத்தான் காட்டுவார்கள்: அந்தம்மாவைப் பாரு, எத்தனை பொறுப்பு! ஆண்பிள்ளை ஒருவன் விடிய விடிய விழித்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். இவளுக்குப் பாராட்டுக் கிடைத்தது.

"நான் உன்னைச் சுறுசுறுப்புன்னுல்ல நினைச்சேன்மா," என்றான் மகன்.

"நானும் அப்படித்தாண்டா சொல்லிக்கிட்டேன்."

மருமகள் துணியை வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் போய் நின்றாள். "இத்தனை நாள் ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

மத்தியானம் நாத்தனார் வந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு தொட்டிக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்த தம்பியைப் பார்த்தாள். "டேய், சோப்பே போடாம கழுவறே!" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் தம்பி மனைவியின் கையைப் பிடித்து, "அம்மாவையும் கூட்டிட்டுப் போ," என்றாள்.

அம்மா லேசில் மசியவில்லை. மூன்று நாள் கழித்து நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "தூக்கத்துக்கு மட்டும்தான் காட்டுவேன். அந்த இன்னொண்ணைப் பத்தி வாயைத் திறக்கமாட்டேன்."

"சரி அத்தை. நீங்க திறக்க வேண்டாம். அவங்க திறக்க வெச்சுடுவாங்க."

மருத்துவமனைக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாமியார் சேலைத் தலைப்பை முகத்துக்குப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு மருமகள் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். மறுபக்கத்து நாற்காலியில் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். சற்று நேரம் இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர்தானே?" என்றாள் மாமியார். அதே தெருவின் கடைசி வீட்டுக் கணக்கு டீச்சர்.

"அட, நீங்களா! இங்க எங்க?"

"மருமகளுக்குத் துணைக்கு வந்தேன். நீங்க?"

"நானும் துணைக்குத்தான். எங்க அண்ணனுக்கு." அண்ணன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் எங்கும் இல்லை.

எதிரே இருந்தவர், யாரும் கேட்காமலே, "நான் ஆபீஸ்ல ஒருத்தருக்காக வந்தேன்," என்றார். அவருக்கு அடுத்திருந்தவர், "நானும் சும்மா கூட வந்தவன்தான்," என்றார். கூடம் முழுவதும் துணைக்கு வந்தவர்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை.

நர்ஸ் வந்து, "அஞ்சாம் நம்பர்," என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"அஞ்சு யாருங்க?"

"அடுத்தது நான், ஆறாம் நம்பர்," என்று எழுந்து நின்றாள் மருமகள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போலத் தெளிவாகப் பேசினாள். "நான் துணைக்கு வரல, எனக்காகத்தான் வந்தேன். மனச்சோர்வு, கூடவே தூக்கமின்மை. ரெண்டுக்கும் வைத்தியம் நடக்குது, இப்ப நல்லாத் தூங்கறேன். அஞ்சாம் நம்பர் எப்ப வேணாலும் போகட்டும், நான் காத்திருக்கேன்."

மாமியார் தலைப்பை முகத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டாள். மூடிய கைக்குள் கசங்கிக் கிடந்த நம்பர் சீட்டை நீவி நர்ஸிடம் காட்டினாள். பிறகு கைப்பையை டீச்சரின் மடியில் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர். அஞ்சு நான்தான்."

அவள் நிமிர்ந்து உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மருமகள் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டாள்:

"ஏம்மா, அண்ணன் பேர்ல வாங்கின சீட்டை என் பேருக்கு மாத்தித் தருவாங்களா?"